காமாலைக்காரருக்குப் போடாத ஊசி

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ரத்தம் எடுத்த குழாயை மெஷினுக்குள் வைக்கிறீர்கள். அது முனகிக்கொண்டே ஒரு எண்ணைத் துப்புகிறது. அதற்குள் நீங்கள் ஒரு டீயும் குடித்துவிடுகிறீர்கள். எங்கள் காலத்தில் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதென்றால் வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அந்தக் கதையையெல்லாம் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். குழாயைச் சாய்க்க யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். குழாய்க்கு வெளியே நடப்பதைக் கவனிக்கத்தான் எனக்கு நாள் பிடித்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில்தான் போய் வருவேன். விக்கிரவாண்டியில் நின்றால் டிரைவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்க் கதை பேசி முடிக்கும்வரை வண்டி நகராது. அதனால் எப்போதும் ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பிவிடுவேன்.

நர்சிங் ஹோமை நடத்திய டாக்டர் அறுவை சிகிச்சை செய்பவர். கைராசிக்காரர் என்று பெயர், கோபக்காரர் என்று அதைவிடப் பெரிய பெயர். மாடியில் அவர் கத்தினால் கீழே மருந்துக் கடையில் ஆள் திரும்பிப் பார்ப்பான். நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ரிசல்ட்டை எழுதிக் குடுத்ததோட உன் வேலை முடியல. பேஷண்ட்கிட்ட எது உன் கண்ணுல பட்டாலும், காதுல விழுந்தாலும் வந்து சொல்லு. அது முக்கியமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்."

வேலைக்கு மேல் வேலை வைக்கிறாரே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வார்டில் இருந்த நர்ஸ் ஸ்டெல்லா அக்கா. முகையூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவருடைய கருவாட்டுக் குழம்புக்காகவே நான் வீட்டிலிருந்து வெறும் சோறு கொண்டுபோன நாள்கள் உண்டு. கை சுத்தம், வேலை சுத்தம். ஒரே ஒரு பலவீனம், யாராவது எதிரில் அழுதால் அவருக்கும் கண் கலங்கிவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் ஏழுமலை வந்து சேர்ந்தார். பெருமுக்கல் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. நாற்பதை ஒட்டிய வயது. கண் இரண்டும் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல இருந்தன. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்த இடமெல்லாம் கீறல். காமாலை வந்து பல வாரம் ஆகியிருந்தது. முதலில் ஊரில் வேர் அரைத்து ஆட்டுப்பாலில் கொடுத்திருக்கிறார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கீரை கூடவே கூடாது, கஞ்சியும் மோரும் மட்டும் என்று பத்தியம். அவர் மனைவி அஞ்சலை அந்தப் பத்தியத்தைக் காவல் காத்த மாதிரி எந்தப் போலீஸ்காரரும் எதையும் காத்திருக்க மாட்டார். எங்களிடம் வந்த பிறகும் ஆஸ்பத்திரிச் சோற்றைத் தொடவிடாமல், கடை கடையாக அலைந்து மோர் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏழுமலைக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். நான் ஊசி குத்தி ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினால், பேசி முடித்து எழுந்து போகலாம் என்று பார்க்கும்போது மறுபடியும் கசியும். அந்த நிலைமையிலும் மனிதருக்குக் குசும்பு குறையவில்லை.

"யம்மா, ஒன்னைப் பாத்தாலே என் ரத்தம் ஓடியாருது பாரு" என்பார்.

அவருடைய ரத்தத்தைச் சோதிக்கும்போது பக்கத்தில் என் ரத்தத்தையும் ஒரு குழாயில் வைப்பேன். நோயில்லாத ஒருவரின் ரத்தம் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகத் தினம் யாரைத் தேடிப் பிடிப்பது? என் கைதான் அருகில் இருந்தது. ஏழுமலையிடம் இதை ஒருநாள் சொன்னபோது அவருக்கு ஒரே சிரிப்பு. "அஞ்சல, கேட்டியா? எனக்காவ இந்தம்மாவும் குத்திக்குதாம்" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அஞ்சலை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, ஊசி குத்திய இடத்தைப் பார்த்துவிட்டு விட்டார்.

முதல் சோதனையில் என் ரத்தம் உறைந்துவிட்டது. அவருடையது தண்ணீர்போல ஆடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் என்னையும் ஸ்டெல்லா அக்காவையும் நிற்கவைத்து விளக்கினார். பித்தநீர் குடலுக்கு வரும் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். கல்லை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஆனால் ரத்தம் உறையாதவர்மேல் கத்தி வைக்க முடியாது. உறையாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் சரக்கைச் செய்வது கல்லீரல். அதைச் செய்து முடிக்க அதற்கு வைட்டமின் கே வேண்டும், இல்லாவிட்டால் அரைகுறைச் சரக்குதான் வெளியே வரும், ஒன்றுக்கும் உதவாது. ஆக, ஒன்று வைட்டமின் கே இல்லாமல் இருக்கலாம். அல்லது கல்லீரலே கெட்டுப்போயிருக்கலாம்.

"வைட்டமின் கே ஊசி போட்டுட்டு நாளைக்கு மறுபடி பாப்போம். ரத்தம் உறைஞ்சா கல்லீரல் நல்லா இருக்கு, தைரியமா ஆபரேஷன் பண்ணலாம். உறையலேன்னா..." என்று நிறுத்தி, உதட்டைப் பிதுக்கினார்.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் டாக்டர் ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏழுமலைக்கு வைட்டமின் கே ஆச்சா?"

"ஆச்சு டாக்டர்."

மறுநாள் காலை மறுபடியும் இரண்டு குழாய். என் ரத்தம் உறைந்தது. அவருடையது ஆடிக்கொண்டே இருந்தது. என் கைமேலேயே சந்தேகம் வந்து, மறுபடியும் ரத்தம் எடுத்து முதலிலிருந்து செய்தேன். அப்படியேதான் இருந்தது. ரிசல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டாக்டர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அஞ்சலையையும் அவருடைய அண்ணனையும் கூப்பிட்டனுப்பினார்.

கல்லீரல் போய்விட்டது, இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை அஞ்சலை நின்றபடியே கேட்டார். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப உசுரோட ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிடறோம் சார்" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் மூச்சு வீட்டில்தான் போக வேண்டும். மறுநாள் காலையில் கார் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அம்பாசிடர் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் பழைய புடவையை மடித்து விரித்திருந்தார்கள். அண்ணன் டிரைவரிடம், "திண்டிவனம் வரைக்கும் ஜல்தி போ, அப்பால ரோடு சரியில்ல, மெதுவா ஓட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் லேப்புக்குப் போகாமல் நேராக வார்டுக்குப் போனேன். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் அனுப்ப மனசு வரவில்லை.

ஏழுமலை கண்ணை மூடிப் படுத்திருந்தார். அஞ்சலை டம்ளரையும் துண்டையும் ஒயர்கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"என்னாமோ இந்தாளு தலயில எழுதனது இது. ஆனா ஒண்ணும்மா, அந்த சிஸ்டரம்மா நல்லா இருக்கணும். இந்த நெலமையில ஊசி போட வந்தாங்கோ. காமாலைக்கு ஊசி ஆவாதும்மா, போட்டா ஆளு அங்கயே போயிடும்னு கால்ல வுழுந்தேன். அவங்க மனசு எளகி, ஊசிக்குப் பதிலா அதே சத்து மாத்திரைன்னு குடுத்தாங்கோ. இல்லன்னா நான் இன்னிக்கு இந்தாளை உசுரோட கூட்டிக்கினு போவ முடியுமா?"

"நான் தினம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேனே, அதுக்கு ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டேன்.

"அது உள்ள இருக்கறதை வெளிய எடுக்கறது. ஊசி போடறது வெளிய இருக்கறதை உள்ள ஏத்தறது. ரெண்டும் ஒண்ணா?" என்றார் அஞ்சலை, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

காமாலைக்கு ஊசி ஆகாது என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் சந்தேகப்பட்டவர்கள் யாருமில்லை. என் சொந்தச் சித்தியே அப்படித்தான் சொல்வார். அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வைட்டமின் கே வைட்டமின் கேதானே, மாத்திரையானால் என்ன, ஊசியானால் என்ன என்றுதான் தோன்றியது. லேப் வாசல்வரை வந்துவிட்டேன். சாவியைப் பூட்டில் போட்டும்விட்டேன். அப்போதுதான், நான் வேலையில் சேர்ந்த அன்று டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. காதில் விழுந்ததைச் சொல்லு, முக்கியமா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொன்னால் ஸ்டெல்லா அக்காவின் வேலை போகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் ஊசி என்று சொன்னதை மாத்திரையாக மாற்றிய நர்ஸை அவர் ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டார். சொல்லாமல் விட்டால், ஒருவேளை அது முக்கியமாக இருந்தால்? வாசலில் கார்க்காரன் ஹாரன் அடித்தான். நான் டாக்டரிடம் போகவில்லை, மருந்து அறையில் இருந்த ஸ்டெல்லா அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஏழுமலைக்கு ஊசி போடலையா?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தம்மா கால்ல விழுந்து அழுதுச்சு. மாத்திரையும் அதே வைட்டமின்தானே? ஏன், அதனால எதாவது...?"

"எனக்குத் தெரியலக்கா. டாக்டருக்குத் தெரிஞ்சாகணும்னு மட்டும் தோணுது."

அவர் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தார். "நீ சொல்லாத. நானே போய்ச் சொல்றேன்" என்று விடுவிடுவென்று நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அந்த நடையைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். வேலை போகும் என்று தெரிந்து, ஒரு பெண் தானாக ஒரு கதவைத் தட்டப் போன நடை அது. எனக்கு இன்றைக்கும் அவர்மேல் அதனால்தான் மரியாதை.

அக்கா சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். கத்தப்போகிறார் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் எங்களைத் தாண்டி மாடிப்படியில் இறங்கி, வாசலுக்கு ஓடினார். ஏழுமலையை அண்ணனும் டிரைவரும் கைத்தாங்கலாகக் காருக்குள் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிய எடுக்காதே! கீழ இறக்கு அவரை!"

அந்தக் கத்தலைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! அவர் கத்துகிறார் என்றால் ஏதோ வழி இருக்கிறது என்று அர்த்தம்.

வாசலிலேயே நின்று எங்களுக்கு விளக்கினார். வைட்டமின் கே எண்ணெயில் கரைகிற ஜாதி. பித்தநீர் வந்து கலந்தால்தான் குடல் அதை இழுத்துக்கொள்ளும். இவருக்குப் பித்தநீர் வருகிற வழியையே கல் அடைத்திருக்கிறது. "மாத்திரை வயித்துக்குள்ள போச்சு. உடம்புக்குள்ள போகல. போன மாதிரியே வெளிய வந்திருக்கும். பத்தியம்னு கீரையையும் நிறுத்திட்டீங்க. அப்புறம் ரத்தம் எப்படி உறையும்? கல்லீரல் நல்லா இருக்கா இல்லையான்னு நமக்கு இன்னும் தெரியவே தெரியாது. கேள்வியே கேக்காம பதில் எழுதிட்டோம்."

பிறகு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். அவர் தலை குனிந்து நின்றார். "நீ செஞ்சது தப்பு. நான் மட்டும் என்ன? 'ஆச்சா'ன்னு கேட்டேன். எது ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேக்கலையே" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் ஊசி என்று சொன்னதும் அஞ்சலை காரின் கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அஞ்சலை முடியாது என்றார். அண்ணன் வேறு, "சாவற நேரத்துல என்னாத்துக்கு சார் இந்தப் பேஜாரு? வுட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டருக்குக் கோபம் ஏறுவது தெரிந்தது. அவர் கத்தியிருந்தால் கார் கிளம்பியிருக்கும். ஸ்டெல்லா அக்காதான் முன்னால் போய் அஞ்சலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ அழுதே, நான் கேட்டேன் இல்ல? இன்னிக்கு நான் அழுவறேன், நீ கேளு. நான் குடுத்த மாத்திரை அவரு உடம்புல சேரவே இல்லம்மா. உன் பேச்சக் கேட்டு நான்தான் தப்பு பண்ணிட்டேன். ஒரே ஒரு ஊசி. இங்கயே, உன் கண்ணு முன்னால நான் போடறேன்."

அஞ்சலை புருஷனைத் திரும்பிப் பார்த்தார். காருக்குள்ளிருந்து ஏழுமலையின் குரல்தான் வந்தது.

"சாவப்போறவனுக்கு ஊசி இன்னா, ஒலக்கை இன்னா? போடச் சொல்லுடி. அந்தம்மா அழுவுது பாரு."

வார்டுக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். அக்கா மெதுவாக நரம்பில் ஊசி போட, அஞ்சலை புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உயிர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்க்கிறவர்போல இருந்தது அவர் பார்வை. எதுவும் ஆகவில்லை. ஏழுமலை மோர் கேட்டார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனேன், சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். ஊசி போட்டும் உறையாவிட்டால்? ஒரு குடும்பத்துக்கு இரண்டாம் தடவை நம்பிக்கை காட்டிவிட்டு, இரண்டாம் தடவை அதைப் பிடுங்க வேண்டுமே என்ற பயம். விடிந்ததும் முதல் பஸ். விக்கிரவாண்டியில் டிரைவர் டீக்கடைக்கு இறங்கியபோது அவரை நான் திட்டிய திட்டு அவருக்குக் கேட்டிருந்தால் அதற்குப் பிறகு என்னை ஏற்றியிருக்க மாட்டார்.

ஏழுமலையிடம் ரத்தம் எடுத்தேன். என் கையிலும் எடுத்தேன். லேப் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் என் குழாய். சாய்த்தேன், ஆடியது, சாய்த்தேன், உறைந்தது. பிறகு அவருடைய குழாய். சாய்த்தேன், ஆடியது. சாய்த்தேன், ஆடியது. மறுபடி சாய்த்தேன். ஆடவில்லை. குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. என் ரத்தத்துக்கு ஆன நேரத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூட. நம்பாமல் இன்னொரு தடவை செய்தேன். மறுபடியும் உறைந்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

ரிசல்ட்டை எழுதவில்லை. குழாயையே எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். "கல்லீரல் நல்லா இருக்கு" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு ஆபரேஷன் நடந்தது. கல் வந்தது, ஏழுமலையின் கண் வெளுத்தது, மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் தானே வயலில் நின்றாராம்.

ஸ்டெல்லா அக்கா அதன் பிறகு "ஆச்சு" என்று மட்டும் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் எதைக் கேட்டாலும், இன்ன மருந்து, இன்ன அளவு, ஊசி, நரம்பில், நானே போட்டேன் என்று முழு வாக்கியமாகத்தான் வரும். டாக்டருக்குச் சிரிப்பு வரும். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அடுத்த வருஷம் ஒருநாள் லேப் வாசலில் அஞ்சலை. ஒரு கையில் மல்லாட்டை மூட்டை, மறுகையில் அண்ணன். அன்றைக்குக் கார் கொண்டுவந்த அதே அண்ணன். இப்போது அவர் கண் மஞ்சளாக இருந்தது. அஞ்சலை நேராக டாக்டரிடம் போய், "காமாலை சார். மொதல்ல அந்த ஊசியப் போடுங்க" என்றார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது வேறு காமாலை, அடைப்பு ஒன்றும் இல்லை, பித்தநீர் ஒழுங்காகத்தான் வருகிறது, ஓய்வெடுத்து நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும், இவருக்கு ஊசி வேண்டாம் என்றார். அஞ்சலை நகரவில்லை.

"அதெப்புடி? எங்க ஊட்டுக்காரருக்குப் போட்டீங்க, எங்கண்ணனுக்கு மட்டும் வேணாமா?"

டாக்டர் இன்னொரு தடவை சொன்னார். ஸ்டெல்லா அக்கா சொன்னார். அஞ்சலை இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு அண்ணனை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"நீ பாத்து சொல்லும்மா. ஒன் ரத்தத்தையும் இவன் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. ரெண்டும் ஒண்ணா நின்னாத்தான் நான் ஊசி இல்லாம வண்டி ஏறுவேன்."

அக்காவுடன் பின்னாலேயே வந்த டாக்டர் லேப் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதலில் என் கையை ஸ்டெல்லா அக்காவிடம் நீட்டினேன்.